நாற்பத்தொன்றாவது நிகழ்ச்சி

அந்த வார இதழின் பதினாறாம் பக்கத்தில் "இந்த வாரம் எங்கே போகலாம்?" என்ற தலைப்பின்கீழ் அறுபத்திரண்டு நிகழ்ச்சிகள் வரும். ஓவியக் கண்காட்சி, வயலின் கச்சேரி, வேற்றுமொழி நாடகம், நூலகத்தில் கதை கேட்கும் நேரம், தையல் தொழிலாளர் சங்கத்தின் நடன மாலை, இப்படி. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. பதினொரு வருடமாக அந்தப் பக்கத்தைத் தயாரிப்பவனை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டியல் என்றுதான் கூப்பிடுவார்கள். "பட்டியல் சாப்பிட்டாச்சா?" "இன்னிக்கு பட்டியலுக்குக் காய்ச்சலாம்." அவனும் அதற்குத் திரும்பிப் பார்ப்பான்.

வேலை செய்யும் முறை எளிமையானது. மேசைமேல் மூன்று தட்டுகள். தபாலில் வரும் துண்டறிக்கைகள் முதல் தட்டில், தொலைபேசியில் கேட்டு எழுதியவை இரண்டாவதில், சந்தேகத்துக்குரியவை மூன்றாவதில். புதன்கிழமை காலை போன வாரப் பக்கத்தை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு, முடிந்துபோனவற்றை நீக்கிவிட்டுப் புதியவற்றைச் சேர்ப்பான். மாலை ஆறு மணிக்குப் பக்கம் முடிந்துவிட வேண்டும். வாராவாரம் நடக்கும் நிகழ்ச்சிகளின் ஓரத்தில் "தொ" என்று ஓர் எழுத்து இருக்கும். தொடர்கிறது என்று பொருள். "தொ" போட்டவற்றில் அவன் கை வைப்பதில்லை. அவை தாமாகவே அடுத்த வாரத்துக்கு நகர்ந்துவிடும்.

அறுபத்திரண்டில் ஒன்றுக்குக்கூட அவன் இதுவரை போனதில்லை. யாராவது கேட்டால், "ரயில் நேரம் எழுதிப் போடறவன் எல்லா ரயில்லயும் ஏறியா பாக்கறான்?" என்பான்.

அவன் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் செவிலியர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். மாடிப்படியில் வழிமறித்துக் குதிகால் வலிக்கும் வாயுவுக்கும் மருந்து கேட்பார்கள். அந்த மழைக்காலத்தின் முடிவில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. நான்கு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு சின்ன ஊரின் மருத்துவமனை, தலைமைச் செவிலியராக வரும்படி கேட்டிருந்தது. குடியிருக்க வீடு, வீட்டைச் சுற்றித் தோட்டம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது கடிதம் ஊறுகாய்ப் பாட்டிலுக்கு அடியில் இருந்தது. சாப்பிட அவர்களோடு அவளுடைய தம்பியும் உட்கார்ந்திருந்தான். டாக்சி ஓட்டுபவன், மேல்மாடியில் தனியாக இருப்பவன், சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்குபவன்.

"போலாம்னு நெனைக்கறேன்," என்றாள்.

"நீ போலாம்னா போலாம்," என்றான் பட்டியல். மனதாரத்தான் சொன்னான். சொன்ன பிறகு தட்டைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டான்: "ஆனா இந்த ஊர்ல இல்லாததே இல்ல."

"உங்க பக்கத்துல இருக்கு. எனக்கு இருக்கா? பதினொரு வருஷத்துல நான் என்ன பாத்தேன் சொல்லுங்க. வார்டு, பஸ், அடுப்பு. மறுபடியும் வார்டு."

"அக்கா, என் சாப்பாட்டப் பத்தி யாராவது யோசிச்சீங்களா?" என்றான் தம்பி.

"உனக்கு ஒரு சட்டி வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்."

அவள் எழுந்து குளிர்பெட்டிமேல் கிடந்த அந்த வார இதழை எடுத்து வந்து பதினாறாம் பக்கத்தைப் பிரித்தாள். "வர்ற சனிக்கிழமை எனக்கு லீவு. அபூர்வமா கிடைச்சிருக்கு. மூணு எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு உங்க இஷ்டம், ஒண்ணு என் இஷ்டம். பாத்துட்டு முடிவு பண்றேன். இந்த ஊரு எனக்கும் ஏதாவது குடுக்கும்னு தோணுச்சுன்னா இருப்போம். இல்லைன்னா திங்கக்கிழமை வரேன்னு சொல்லிடுவேன்."

"உன் இஷ்டம் எது?"

அவள் தேடவில்லை. விரல் நேராக நாற்பத்தொன்றில் போய் நின்றது. *சனிதோறும் மாலை நான்கு மணி. பொம்மலாட்டம். பழைய தீயணைப்பு நிலையக் கூடம். சிறியவரும் பெரியவரும் வரலாம்.*

"வார்டுல டீ குடிக்கறப்பல்லாம் இதைப் பாப்பேன். பேஷன்ட் மாறுவாங்க, டாக்டர் மாறுவாங்க, இது மட்டும் மாறாது. என்னைக்காவது ஒரு நாள் போகணும்னு."

பட்டியலுக்குப் பெருமையாக இருந்தது. அதன் ஓரத்தில் "தொ" இருந்தது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அதை அவன் நம்பகத்தன்மையின் முத்திரையாகத்தான் அப்போது நினைத்தான்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு தம்பி டாக்சியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தான். அன்றைக்கு சவாரி எடுக்கவில்லை. அக்கா ஊரை விட்டுப் போகாமல் தடுப்பதும் தொழில்தான் என்றான். அவள் புதுச் செருப்பு போட்டிருந்தாள். ஆனால் முதல் நிகழ்ச்சிக்கு டாக்சி வேண்டாம் என்று பட்டியல் சொல்லிவிட்டான். "ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை" என்று அவனே எழுதியிருந்தான். ரயிலில் போய் இறங்கி நடப்பதுதான் ஊரைப் பார்க்கும் முறை என்பது அவன் வாதம்.

இருபத்தாறு நிமிடம் ஆனது. முழுக்க மேடு.

"அஞ்சு நிமிஷம்னு யார் சொன்னா?" என்றாள் ஒரு மின்கம்பத்தைப் பிடித்து நின்றபடி.

"அவங்க அனுப்பின நோட்டீஸ்ல இருந்துச்சு."

"அவங்க இறங்கி வர்றப்ப அளந்திருப்பாங்க." பின்னால் வந்த தம்பி மூச்சு வாங்கியபடி, "மாமா, நான் வண்டியிலயே வந்திருப்பேன். உங்க எழுத்து மேல இருந்த மரியாதையில நடந்தேன்," என்றான்.

கண்காட்சி பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் கீழறையில் இருந்தது. வட்டமான அறை, வட்டமான சுவர், அதில் நேரான படங்கள். ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி. நோயும் வீடும் என்பது பொருள். பெரிய படம் ஒன்றில் கட்டிலில் ஒரு கிழவர் படுத்திருந்தார், தலைமாட்டில் குடும்பம் நின்றது. அதற்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். பட்டியலின் மனைவி கிட்டே போய், தள்ளி வந்து, மறுபடி கிட்டே போனாள். கலை தன் வேலையைச் செய்கிறது என்று அவன் மகிழ்ந்தான்.

"இவரைத் திருப்பிப் போடணும்," என்றாள்.

"என்ன?"

"ஒரே பக்கமா படுக்க வச்சிருக்காங்க. இடுப்புக்குக் கீழ தலகாணி இல்ல. ரெண்டு நாள்ல புண்ணாயிடும். இத்தனை பேர் சுத்தி நிக்கறாங்க, ஒருத்தருக்குத் தோணல பாருங்க." அவள் அடுத்த படத்துக்குப் போகவே இல்லை. வெளியே வரும்போது வாசலில் இருந்த கருத்துப் புத்தகத்தில் எழுதினாள்: *மூன்றாம் படத்தில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கவும்.* கையெழுத்தும் போட்டாள்.

இரண்டாவது நிகழ்ச்சி மாநகராட்சிக் கட்டடத்தின் முன்கூடத்தில், ஒரு மணிக்கு. இனி நடை வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பி டாக்சியிலேயே போனார்கள். "குடும்பத்தோடு கேட்டு மகிழத்தக்க இசை" என்று எழுதியிருந்தான். பெரிய வயலின் போன்ற செலோவை வாசிப்பவர் ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு சுரத்தை இழுத்தார். அதையே இன்னும் மெல்ல இழுத்தார். சுருதி சேர்க்கிறார் போலிருக்கிறது என்று தம்பி நினைத்தான். பதினைந்து நிமிடம் கழித்து, "ஆரம்பிச்சுட்டாரா மாமா?" என்று காதில் கேட்டான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி திரும்பி முறைத்தார். அதிலிருந்து ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டார்கள்.

பட்டியலுக்கு அந்த இசை பிடித்துப்போனது. அதை மனைவியிடம் சொல்லலாம் என்று திரும்பினால், அவள் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. முந்தின வாரம் நான்கு இரவுப் பணி பார்த்தவள். அவன் தோளை அசைக்காமல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். கைதட்டல் சத்தத்தில் அவள் கண் விழித்து, மற்றவர்களைவிட ஒரு சுற்று அதிகமாகத் தட்டினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றான் வெளியே வந்து, பதில் தெரிந்தே.

"நல்ல தூக்கம். ரொம்ப நாள் கழிச்சு. அந்தத் தோட்டத்து வீட்ல தினமும் இப்படித் தூங்கலாம்னு நெனைக்கறேன்."

தம்பி அவனைப் பார்த்த பார்வையில், இரண்டு ஆட்டம் தோற்ற அணியின் பயிற்சியாளரைப் பார்க்கும் ரசிகனின் வருத்தம் இருந்தது. "மிச்சம் ஒண்ணுதான் மாமா," என்றான். "பொம்மை காப்பாத்தினாதான் உண்டு."

பழைய தீயணைப்பு நிலையம் ஒரு சலவைக்கடைக்கும் பூட்டுக்கடைக்கும் நடுவில் இருந்தது. வண்டி நுழையும் அகலக் கதவுகளின் சிவப்பு வர்ணம் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. அதில் ஒன்றுக்குள் வெட்டிய சின்னக் கதவு திறந்திருந்தது. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூவரும் உள்ளே நுழைந்தார்கள். அவள் நிற்காமல் முன்னால் போனாள். காலையிலிருந்து அவள் அப்படி நடந்ததில்லை.

உள்ளே திரை இல்லை. மேடை இல்லை. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பதினைந்து பதினாறு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் டீ கொதிக்கும் பாத்திரம், பக்கத்தில் பிஸ்கட் டப்பா. இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு ஓர் அம்மாள் எழுந்து வந்தார். கூடத்தைத் திறந்து மூடுவது அவர் வேலை. எல்லோரும் அவரைச் சாவியம்மா என்றார்கள். ஊரின் பொதுமொழியைத் தன் தாய்மொழியின் இழுப்போடு பேசினார்.

"பேப்பர் பாத்துட்டு வந்தீங்களா? வாங்க, வாங்க. உக்காருங்க."

"பொம்மலாட்டம் எங்க நடக்குது?" என்றாள் பட்டியலின் மனைவி.

"பொம்மையா? அவர் இந்த ஊரை விட்டுப் போயி ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆச்சும்மா. மகளோட போய் இருக்கார். பொம்மைங்களும் போயாச்சு."

அவள் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். விளையாட்டுச் சாமான் கடை மூடியிருப்பதைப் பார்த்த குழந்தையின் முகம் அது.

"மாமா," என்றான் தம்பி தணிந்த குரலில், "நீங்க செத்தீங்க."

"போன வாரம்கூடப் போட்டிருந்தீங்க," என்றாள்.

"அது... தொடர் நிகழ்ச்சி."

"எது தொடருது?"

சாவியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு, இவர்தான் பேப்பரா?"

அந்தக் கேள்வி வட்டத்தைச் சுற்றிப் போவதற்கு மூன்று நொடி ஆனது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அவனுக்கு நாற்காலி போட்டார்கள், டீயும் கொடுத்தார்கள். தண்டனையா உபசாரமா என்று புரியாமல் வாங்கிக்கொண்டான்.

நடந்ததைச் சாவியம்மாதான் சொன்னார். பொம்மலாட்டக்காரர் போன பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்கைந்து பேர், பேப்பரைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். ஒரு நாள் நல்ல மழை. ஏழு பேர் வாசலில் நனைந்து நின்றார்கள். உள்ளே வந்து மழை விடும்வரை உட்காரச் சொன்னார். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள், சொந்த மொழியும் வேறு வேறு. அரை மணி நேரம் அவரவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களில் ஷூ ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், ஈரமான தன் ஷூ இரண்டையும் கழற்றிக் கைகளில் மாட்டிக்கொண்டு, ஒன்றோடு ஒன்று சண்டை போடவிட்டார். இடது ஷூவுக்கு வலது ஷூமேல் பொறாமை, அதுதான் கதை. மழை விட்ட பிறகும் யாரும் போகவில்லை.

"அதுலேர்ந்து இப்படித்தான். சட்டம் ஒண்ணே ஒண்ணு. மொதல் தடவ வர்றவங்க உக்காந்து பாக்கணும். ரெண்டாந்தடவ வந்தா ஏதாவது பண்ணணும். பாட்டோ, கதையோ, எதுவோ. அவங்கவங்க பாஷையில."

"நீங்க பத்திரிகைக்குச் சொல்லியிருக்கலாமே," என்றான் பட்டியல். குரலில் அலுவலகம் கொஞ்சம் திரும்பியிருந்தது. "பொம்மலாட்டம் நின்னுடுச்சுன்னு."

"சொன்னேனே. ஆரம்பத்துல போன் பண்ணேன். ஒருத்தர் எடுத்தார். 'புதன் ஆறு மணியோட பக்கம் முடிஞ்சுது, அடுத்த வாரம் பேசுங்க'ன்னு வச்சுட்டார்."

"என்னைக்குப் பண்ணீங்க?"

"புதன். ஆறு அஞ்சுக்கு."

"அது இவர்தான்," என்றாள் மனைவி. "வீட்லயும் அப்படித்தான் வைப்பார்."

சிரிப்பு வட்டம் முழுவதும் போயிற்று. அவனால் சிரிக்க முடியவில்லை. இரண்டு வருடம் எட்டு மாதம். நூற்று நாற்பது வாரத்துக்குக் கிட்ட. ஒவ்வொரு புதனும் தன் கையாலேயே அச்சுக்கு அனுப்பிய பொய். "இந்த வாரமே திருத்திடறேன்," என்றான். "எடுத்துடறேன்."

டிராம் ஓட்டும் பெண் ஒருத்தி, சீருடையோடு வந்திருந்தவள், முதலில் பேசினாள். "எடுத்தா எங்களுக்கு யார் வருவா? வாரத்துக்கு ரெண்டு பேராவது உங்க பேப்பர் பாத்துட்டுத்தான் வர்றாங்க. பொம்மை பாக்க வந்து ஏமாந்து, உக்காந்து, அடுத்த வாரம் திரும்பி வர்றாங்க. நான் அப்படித்தான் வந்தேன். இவங்களும்தான்."

"அது மட்டும் இல்ல," என்றார் கணக்கு வாத்தியார். "இந்தக் கூடத்தை மாநகராட்சி சனிக்கிழமை நமக்கு விட்டு வச்சிருக்கறதே பொம்மலாட்டம்னு பேப்பர்ல வர்றதாலதான். அந்தத் துண்டை ஆபீஸ் பைல்ல ஒட்டி வச்சிருக்காங்க."

"இல்லாததை இருக்குன்னு நான் எப்படிப் போடறது?"

"இத்தனை நாள் எப்படிப் போட்டீங்க?" என்றார் ஷூக்காரர், மிகவும் மரியாதையாக.

சாவியம்மா கைதட்டி நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்தார். டிராம் ஓட்டும் பெண் எழுந்து, தன் ஊரில் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் பாட்டைப் பாடினாள். பாட்டின் நடுநடுவே, பழக்கதோஷத்தில், அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் வந்துவிட்டது. அதையும் ராகத்தோடு சேர்த்துக்கொண்டாள். கணக்கு வாத்தியார் பெரிய எண் ஒன்றைச் சொல்லச் சொல்லி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். அது சரியா என்று பார்க்க யாருக்கும் வழியில்லை. ஷூக்காரரின் ஷூக்கள் இந்த வாரம் சமாதானமாகியிருந்தன, ஆனால் ஒரு புது நாடா வந்ததில் மறுபடி மனத்தாங்கல்.

பட்டியல் ஷூக்களைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

ஷூக்கள் வணங்கி முடித்ததும், "நானும் ஏதாவது பண்ணலாமா?" என்றாள்.

"நீங்க மொதல் தடவ. சும்மா உக்காரணும்."

"அடுத்த வாரம் எனக்கு டியூட்டி. அதுக்கப்புறம் இந்த ஊர்லயே இருப்பனான்னு தெரியல." இதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. "இன்னிக்கே பண்ணிடறேனே."

சாவியம்மா வட்டத்தைப் பார்த்தார். வட்டம் தலையாட்டியது.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு ரப்பர் கையுறையை எடுத்தாள், வார்டில் மாட்டிக்கொள்வது. அதை வாயில் வைத்து ஊதினாள். ஐந்து விரல்களும் விறைத்து நின்றன. கழுத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பியிடம் பேனா வாங்கி, இரண்டு கண்ணும் வளைந்த வாயும் போட்டாள். கட்டைவிரல் மூக்கானது, மற்ற நான்கும் படுக்கையிலிருந்து எழுந்த தலைமுடி. அது ஒன்பதாம் கட்டில் நோயாளி. அவளுடைய வெறும் இடது கை டாக்டர். தமிழில்தான் பேசினாள். அந்த அறையில் அது இரண்டு பேருக்கு மட்டுமே புரியும்.

"டாக்டரய்யா, எப்ப வீட்டுக்குப் போலாம்?" என்றது கையுறை, கரகரத்த குரலில்.

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னீங்களே."

"அது நேத்தைய நாளைக்கு. இது இன்னைய நாளைக்கு."

"சாப்பாட்ல உப்பாவது போடச் சொல்லுங்க."

"நாளைக்கு."

"என் பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடறார்."

"அவர் உங்களைப் பத்தி அதையேதான் சொல்றார். சிஸ்டர்! இவருக்கு ஒரு ஊசி."

"ஐயோ, கேட்டது தப்பாப் போச்சே!" கையுறை அவள் முழங்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. டாக்டர் தேடினார். இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் விரலின் பிடி கொஞ்சம் தளர்ந்து காற்று இறங்கியது. முடி தொய்ந்தது, மூக்கு சாய்ந்தது. டாக்டர் ஊசியோடு கண்டுபிடித்தபோது நோயாளி பாதி தூங்கிவிட்டிருந்தார். டாக்டர் நின்று பார்த்தார். ஊசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போர்வையை இழுத்துப் போர்த்தினார். கடைசிக் காற்று ஒரு சின்னக் குறட்டையாக வெளியேறியது.

ஒரு சொல்லும் புரியாமல் அத்தனை பேரும் சரியான இடங்களில் சிரித்திருந்தார்கள். அங்கிருந்தவர்களில் மருத்துவமனைக் கட்டிலில் படுக்காதவர், கட்டில் பக்கத்தில் உட்காராதவர் ஒருவரும் இல்லை. கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி விசிலடித்தான்.

பட்டியலுக்குக் கை தட்டத் தோன்றவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டான்: "இதை எப்ப கத்துக்கிட்ட?"

"கத்துக்கறதா? தினமும் பண்றதுதான். ஊசின்னா சின்னவங்களைவிடப் பெரியவங்கதான் அதிகமா பயப்படுவாங்க."

"தினமுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"சொன்னா நாலு வரியில எழுதிடுவீங்க."

சாவியம்மா அவன் முன்னால் வந்து நின்றார், இடுப்பில் கை வைத்து. "இப்ப சொல்லுங்க. பேப்பர்ல என்ன போடப் போறீங்க?"

அவன் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தான். கண்ணால் பார்த்ததை எழுதுவது அவனுக்குப் புதிது. ஒரு ஜோடி ஷூ, ஆட்டப்பட்டது. ஒரு கையுறை, ஆட்டப்பட்டது. அடித்துவிட வேண்டியது என்ன என்று தேடினான். பொம்மலாட்டம் என்ற சொல்லை அடிக்க அவனிடம் காரணம் இருக்கவில்லை. கடைசி வரியின் கீழ் ஒன்றைச் சேர்த்துப் படித்துக் காட்டினான்: "'ஆட்டுபவர்கள், வருபவர்களே.'"

"அஞ்சு வரி ஆயிடுச்சே," என்றாள் மனைவி.

"ஆகட்டும். நாப்பத்திரண்டுல ஒரு வரி குறைச்சுக்கறேன்."

"நாப்பத்திரண்டு என்னது?"

"தெரியல. அதுவும் 'தொ'தான். போய்ப் பாக்கணும்."

அவர்கள் கிளம்பும்போது சாவியம்மா கதவுவரை வந்தார். "இந்தாங்கம்மா, உங்க மேல ஒரு வழக்கு இருக்கு. மொதல் தடவ வர்றவங்க சும்மா உக்காரணும். நீங்க உக்காரல. அந்த உக்கார்றது பாக்கி நிக்குது. வந்து தீர்த்துட்டுப் போகணும்."

"இது என்ன சட்டம்?" என்றான் தம்பி.

"இப்பத்தான் போட்டேன்."

திரும்பும் வழியில் அவள் டாக்சியின் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். தம்பி கண்ணாடியில் அக்காவையே பார்த்தபடி ஓட்டினான். இரண்டு தடவை வாய் திறந்து, இரண்டு தடவையும் பட்டியல் இருமியதால் மூடிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைத்தாள், சீருடைகளை இஸ்திரி போட்டாள், பத்து நாள் பேச வேண்டியதைத் தன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது, மாலைக்குள் அவன் மூன்று தடவை பாத்திரம் கழுவியதில் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் ஹாலில் நின்று தொலைபேசியில் எண்களை அழுத்தினாள். அவன் குளியலறையில் முகத்தில் சோப்போடு குழாயை மூடிவிட்டுக் கேட்டான்.

"ஆமாங்க. கடிதம் கிடைச்சுது. ரொம்ப நல்ல எடம்தான்... இல்லைங்க, வீடெல்லாம் காரணமில்ல. மன்னிச்சுக்கணும்."

வைத்தாள். அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். உடனே இன்னொரு எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை குரல் மாறியிருந்தது. வார்டில் பேசும் குரல்.

"மேடம், நான்தான். ஒரு உதவி. இனிமே சனிக்கிழமை மத்தியானம் எனக்கு டியூட்டி போடாதீங்க. காலையில போடுங்க, நைட்ல போடுங்க, பரவாயில்ல... உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... வீட்லயும் எல்லாரும் சௌக்கியம்... எதுக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு எடத்துல போய் உக்காரணும் மேடம்... இல்ல, வேலை ஒண்ணுமில்ல. சும்மாதான் உக்காரணும்."